கணினி மாறினால் மென்பொருளை முழுவதுமாக மீண்டும் சோதிக்க வேண்டுமா? மறுசோதனைச் சுமையைக் குறைப்பது எப்படி?

புதுடெல்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு அதிகபட்சமாக 3 ஆண்டுகள் வரை கூடுதல் அவகாசம் உண்டு. அதன் பிறகு அவையும் புதிய இயங்குதளத்துக்கு மாறியாக வேண்டும்.

விண்டோஸ் 11 இயங்குதளத்தை நிறுவ, கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய கணினிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. எனவே பல அலுவலகங்களில் இயங்குதளத்துடன் கணினியையும் சேர்த்தே மாற்ற வேண்டியுள்ளது. அப்போது எழும் முதல் கேள்வி, "நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மென்பொருள் புதிய கணினியில் சரியாக ஓடுமா?" என்பதுதான். அதைத் தொடர்ந்து வருவது, "எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டுமா?" என்ற கேள்வி.

பணமும் காலமும் மட்டும் இதில் அடங்கியிருக்கவில்லை. சோதனைக்கு அஞ்சி மாற்றத்தைத் தள்ளிப்போட்டவர்களும், சோதனையே தேவையில்லை என்று நம்பியவர்களும் பெரும் விலை கொடுத்த நிகழ்வுகள் கணினித் துறையின் வரலாற்றில் உள்ளன. மறுசோதனையின் அளவை எவ்வாறு பாதுகாப்பாகக் குறைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறுசோதனை என்றால் என்ன?

ஒரு மென்பொருளில் மாற்றம் செய்யும்போது, முன்பு சரியாக வேலை செய்த பகுதிகள் இப்போதும் சரியாக வேலை செய்கின்றனவா என்று மீண்டும் சரிபார்ப்பதே மறுசோதனை. வன்பொருள் அல்லது இயங்குதளம் மாறும்போது இதில் ஒரு விநோதம் உள்ளது. மென்பொருளில் ஒரு வரி கூட மாறியிருக்காது. ஆனால் அது நிற்கும் தளம் மாறியிருக்கும்.

விறகடுப்பில் சமைத்துப் பழகியவர் எரிவாயு அடுப்புக்கு மாறுவதைப் போன்றது இது. சமையல் குறிப்பும் சமைப்பவரும் மாறவில்லை. ஆயினும் பால் பொங்கும் நேரம் மாறுகிறது. அடிபிடிக்கும் பாத்திரம் மாறுகிறது. அதே வேளையில், காய் நறுக்கும் முறையை மீண்டும் பழகத் தேவையில்லை. அடுப்பைத் தொடும் வேலை எது, தொடாத வேலை எது என்று பிரித்தறிந்தால் போதும். மென்பொருள் மறுசோதனையைக் குறைப்பதன் அடிப்படையும் இதுவே.

தள்ளிப்போட்டதால் வந்த சிக்கல்: ஏடிஎம் இயந்திரங்கள்

இந்தியாவில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஏடிஎம் இயந்திரங்கள். விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. ஆனால் அதன் பிறகும் நாட்டின் ஏடிஎம் இயந்திரங்கள் பலவும் அதே இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இதுகுறித்து ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே வங்கிகளிடம் கவலை தெரிவித்திருந்தது.

முன்னேற்றம் மந்தமாக இருந்ததை அடுத்து, 2018-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கால வரையறையுடன் சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு 2018 செப்டம்பருக்குள் குறைந்தது 25 சதவீத ஏடிஎம்களும், 2018 டிசம்பருக்குள் 50 சதவீதமும், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதமும், 2019 ஜூனுக்குள் அனைத்தும் மாற்றப்பட வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது.

ஏடிஎம் இயந்திரத்தின் இயங்குதளத்தை மாற்றுவது வீட்டுக் கணினியை மேம்படுத்துவது போன்றதல்ல. அதன் உள்ளே பணம் எண்ணித் தரும் கருவி, அட்டையைப் படிக்கும் கருவி, ரகசிய எண் பலகை, ரசீது அச்சிடும் கருவி எனப் பல சாதனங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் தேவை. பணம் வெளியே வந்த பின் மின்சாரம் தடைபட்டால் கணக்கில் என்ன பதிவாகும் என்பது போன்ற நுணுக்கமான சூழல்களும் சோதிக்கப்பட வேண்டும். இயந்திரத்தின் தயாரிப்பாளரும் வகையும் மாறினால் சோதனையும் மாறும். இந்தச் சுமை பெரிதாக இருக்கும் வரை, மாற்றத்தைத் தள்ளிப்போடும் எண்ணமும் வலுவாகவே இருக்கும். ஆனால் அந்தக் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் பொதுமக்களின் பணம் கையாளப்படுகிறது.

சோதிக்காமல் நம்பியதால் வந்த இழப்பு: ஏரியன் 5

இதற்கு நேர்மாறான பாடம் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து அது முதன்முறையாக ஏவப்பட்டது. பறக்கத் தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிகளில் பாதை விலகி வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 4 கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணம் எளிமையானது. ராக்கெட்டின் திசையையும் நிலையையும் கணிக்கும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. அங்கு அது பிழையின்றி ஓடியது. அதில் ஒரு கட்டத்தில், 64 பிட் அளவிலான எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்படுகிறது. 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 32,767. கிடைமட்ட வேகத்துடன் தொடர்புடைய அந்த எண், ஏரியன் 4 சென்ற பாதையில் இந்த வரம்பைத் தாண்டவில்லை. ஏரியன் 5 ராக்கெட்டின் கிடைமட்ட வேகமோ மிக விரைவாகக் கூடியது. எண் வரம்பைத் தாண்டியதும் கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது.

புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு அந்தக் கருவி தரையில் சோதிக்கப்படவில்லை என்பதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. பிழையை உண்டாக்கிய கணக்கீடு, ராக்கெட் புறப்பட்ட பின் ஏரியன் 5-க்குத் தேவையே இல்லாத ஒன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

"ஏற்கெனவே ஓடிய மென்பொருள்" என்பது ஒரு சான்றுதான். ஆனால் அது பழைய சூழலுக்கான சான்று. எந்த அனுமானங்களின் மேல் அந்தச் சான்று நிற்கிறது என்பதை அறிந்த பிறகே சோதனையைக் குறைக்க முடியும் என்பதை இந்த விபத்து உணர்த்தியது.

தளம் மாறும்போது எவை பழுதாகின்றன?

வன்பொருளோ இயங்குதளமோ மாறும்போது மென்பொருள் பழுதாவதற்கான காரணங்கள் எண்ணற்றவை அல்ல. பெரும்பாலானவை சில வகைகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, எண்களின் அளவும் துல்லியமும். பழைய 32 பிட் இன்டெல் சிப்களுக்காக உருவாக்கப்பட்ட மென்பொருட்கள் பல, தசமக் கணக்கீடுகளை இடையில் 80 பிட் துல்லியத்தில் செய்தன. 64 பிட்டுக்காக மறுபடி உருவாக்கும்போது அதே கணக்கீடு வழக்கமாக 64 பிட் துல்லியத்தில் நடக்கிறது. கடைசி இலக்கத்தில் சிறு வேறுபாடு வரலாம். இரண்டு தொகைகள் துல்லியமாகச் சமமா என்று கேட்கும் நிரல் அங்கே தடுமாறும்.

இரண்டாவது, நேரமும் வரிசையும். ஒரே நேரத்தில் பல பணிகள் ஓடும் மென்பொருளில், ஒரு பணி எழுதிய தகவலை மற்றொரு பணி எந்த வரிசையில் காணும் என்பது சிப்பின் வகையைப் பொறுத்தது. இன்டெல் வகை சிப்களில் இந்த வரிசை சற்றுக் கண்டிப்பானது, ஏ.ஆர்.எம். வகை சிப்களில் தளர்வானது. முன்னதில் பல ஆண்டுகள் வெளிப்படாமல் இருந்த பிழை, பின்னதில் முதல் வாரத்திலேயே தலைகாட்டக்கூடும். செலவைக் குறைக்க கிளவுட் சர்வர்களை ஏ.ஆர்.எம். வகைக்கு மாற்றும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது, இயக்கி மென்பொருட்கள். அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் இயக்கிகள் இயங்குதளத்தோடு ஒட்டி வேலை செய்பவை. மாற்றத்தின்போது முதலில் நின்றுபோகக்கூடியவை இவையே.

நான்காவது, அனுமதிகளும் கோப்புகளின் இருப்பிடமும். பழைய இயங்குதளத்தில் எங்கு வேண்டுமானாலும் கோப்பை எழுதிப் பழகிய மென்பொருளைப் புதிய இயங்குதளம் தடுத்து நிறுத்தலாம்.

ஐந்தாவது, நினைவகத்தைப் பகுக்கும் முறை. இதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகள் நீண்ட காலமாக நினைவகத்தை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கையாண்டன. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்கங்களும் ஏற்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 15 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கான செயலிகள் இந்த அளவையும் ஏற்க வேண்டும் என்ற விதியை, 2025 நவம்பர் 1-ஆம் தேதியைத் தொடக்கமாகக் கொண்டு பிளே ஸ்டோருக்கு கூகுள் அறிவித்தது.

இங்கு கவனிக்க வேண்டியது, எல்லாச் செயலிகளும் இதனால் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பது. ஜாவா அல்லது கோட்லின் மொழியில் மட்டுமே எழுதப்பட்ட செயலிகளுக்கு நிரலில் மாற்றம் தேவைப்படாது. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதி, நினைவகத்தை நேரடியாகத் தொடும் பகுதிகளைக் கொண்ட செயலிகளுக்கே மறு உருவாக்கமும் கவனமான மறுசோதனையும் தேவைப்படுகின்றன. எந்தப் பகுதி வன்பொருளைத் தொடுகிறது என்பதை அறிந்திருந்த நிறுவனத்துக்கு இது சில நாள் வேலை. அறியாத நிறுவனத்துக்கு முழுச் செயலியையும் சந்தேகிக்க வேண்டிய நிலை.

வழி 1: அடுக்குகளாகப் பிரித்தல்

மறுசோதனைச் சுமையைக் குறைக்கும் வழிகளில் மிகப் பழையதும் வலுவானதும் இதுவே. வன்பொருளைத் தொடும் வேலைகள் அனைத்தையும் ஒரு மெல்லிய அடுக்கில் ஒதுக்கிவிட்டு, மற்ற பகுதிகள் அந்த அடுக்குடன் மட்டும் பேசும்படி அமைக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான உடன்படிக்கையே இடைமுகம் எனப்படுகிறது. வன்பொருள் மாறினால் அந்த அடுக்கை மாற்றி, அது உடன்படிக்கையைக் காப்பாற்றுகிறதா என்று முழுமையாகச் சோதிக்க வேண்டும். மேலே உள்ள பகுதிகளுக்கு அடையாளச் சோதனைகள் சில போதும்.

ஐபிஎம் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு அறிவித்த சிஸ்டம்/360 கணினிக் குடும்பம் இந்த எண்ணத்தை வணிக அளவில் நிலைநிறுத்தியது. அதற்கு முன் கணினியை மாற்றினால் மென்பொருளையும் புதிதாக எழுத வேண்டியிருப்பது வழக்கம். சிஸ்டம்/360 குடும்பத்தில் சிறிய கணினிக்காக எழுதிய நிரல் பெரிய கணினியிலும் ஓடியது. இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளும் அந்த மரபைத் தொடர்கின்றன.

ஏடிஎம் துறையிலும் இத்தகைய இடைமுகம் உண்டு. சிஇஎன்/எக்ஸ்எஃப்எஸ் என்ற ஐரோப்பியத் தரநிலை, பணம் வழங்கும் கருவி, அட்டைக் கருவி போன்றவற்றை வங்கி மென்பொருள் எவ்வாறு அழைக்க வேண்டும் என்று பொதுவாக வரையறுக்கிறது. இதனால் ஒரே வங்கி மென்பொருள், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த ஏடிஎம்களில் ஓட முடிகிறது. ஆனால் இந்தத் தரநிலை விண்டோஸை ஒட்டி உருவானது. இயங்குதளம் எதுவாயினும் பொருந்தும் வகையில் எக்ஸ்எஃப்எஸ்4ஐஓடி என்ற அடுத்த தலைமுறைத் தரநிலை பின்னர் வெளிவந்தது.

கைபேசித் துறையில் கூகுள் 2017-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 8.0 உடன் கொண்டுவந்த "புராஜெக்ட் டிரெபிள்" இதே நோக்கம் கொண்டது. அதற்கு முன், ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் சிப் தயாரிப்பாளர்கள் தங்கள் பகுதியை மீண்டும் எழுதி, மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது. டிரெபிள் திட்டம் சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியையும் தனித்தனியே பிரித்தது. இடையில் உள்ள உடன்படிக்கையைச் சரிபார்க்க ஒரு பொதுச் சோதனைத் தொகுப்பும் வழங்கப்பட்டது. சிப் சார்ந்த பகுதி ஒருமுறை இதில் தேறிவிட்டால், மேலே உள்ள ஆண்ட்ராய்டை மாற்றும்போது அதைத் தொட வேண்டிய தேவை குறைகிறது.

வழி 2: பழைய சூழலையே புதிய கணினிக்குள் அமைத்தல்

மென்பொருளை மாற்ற இயலாத நிலையில், அது எதிர்பார்க்கும் பழைய சூழலைப் புதிய கணினிக்குள் உருவாக்கித் தரலாம். மெய்நிகர் கணினி எனப்படும் முறையில், ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பது போன்ற தோற்றம் உண்டாக்கப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு இன்டெல் சிப்களிலிருந்து தனது சொந்த சிப்களுக்கு மாறத் தொடங்கியபோது, பழைய செயலிகளைப் புதிய சிப்புக்கு மொழிபெயர்த்து ஓட்டும் ரோசெட்டா 2 என்ற இடைநிலை மென்பொருளை வழங்கியது.

கன்டெய்னர் முறையும் பரவலாகப் பயன்படுகிறது. மென்பொருளும் அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளும் ஒரே பொதியாகக் கட்டப்படுவதால், எந்தக் கணினிக்குச் சென்றாலும் துணைத் தொகுப்புகளின் பதிப்பு மாறாது. "என் கணினியில் ஓடியதே" என்ற வாதத்துக்கு இதனால் இடம் குறைகிறது.

இவற்றுக்கும் வரம்பு உண்டு. கன்டெய்னர் பொதிகள், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கருவைத் தாம் ஓடும் கணினியிடமிருந்தே பெறுகின்றன. உட்கரு மாறினால் அதற்கான சோதனை தேவை. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதும் நின்றிருக்கும். எனவே அதை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது அவசியம்.

வழி 3: பழையதையும் புதியதையும் ஒப்பிடுதல்

தளம் மட்டும் மாறும் சூழலில் சோதனையாளருக்கு ஒரு பெரும் வசதி உள்ளது. சரியான விடை எது என்று புதிதாகக் கண்டறியத் தேவையில்லை. பழைய கணினியே விடைத்தாள். ஒரே தரவை இரண்டு கணினிகளிலும் செலுத்தி, வெளிவரும் முடிவுகளைக் கணினியைக் கொண்டே ஒப்பிடலாம். ஆயிரக்கணக்கான ரசீதுகளையோ சம்பளப் பட்டியல்களையோ மனிதக் கண்கள் பார்க்க வேண்டியதில்லை. வேறுபட்டவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு இரண்டு முன்தயாரிப்புகள் தேவை. ஒன்று, பழைய கணினியை அகற்றுவதற்கு முன்பே முடிவுகளைச் சேமித்து வைத்தல். மற்றொன்று, பொருளற்ற வேறுபாடுகளை வடிகட்டுதல். அச்சிடப்பட்ட நேரம் மாறுவது பிழை அல்ல. அறிவியல் கணக்கீட்டில் கடைசி இலக்கம் சற்று விலகுவதை ஏற்கலாம். ஆனால் பணக் கணக்கில் ஒரு பைசா விலகினாலும் அது பிழையே. பணத்தைத் தசம எண்ணாக வைக்காமல், பைசாவில் முழு எண்ணாக வைத்திருக்கும் மென்பொருளில் இத்தகைய விலகலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

வழி 4: சேர்க்கைகளைக் கணக்கிட்டுக் குறைத்தல்

ஒரு நிறுவனத்தில் 5 வகை அச்சுப்பொறிகள், 4 வகைக் கணினிகள், 3 இயங்குதளப் பதிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 60 முறை சோதனை நடத்த வேண்டும். ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் அந்த இணை ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் விதித்தால், 20 சோதனைகளே போதும்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மென்பொருள் கோளாறுகளை ஆராய்ந்ததில், பெரும்பாலானவை ஒரு காரணியாலோ இரண்டு காரணிகள் சேர்வதாலோ உண்டானவை என்பது தெரியவந்தது. இணைச் சோதனை எனப்படும் இந்த முறைக்கு அதுவே அடிப்படை. உயிரோடு தொடர்புடைய மென்பொருட்களுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகளின் சேர்க்கையையும் சோதிப்பது நல்லது.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஒரே வகைக் கணினி, ஒரே வகை அச்சுப்பொறி என்று கொள்முதல் செய்யும்போதே வகைகளைக் குறைத்தால், சோதனைகள் தாமாகவே குறையும்.

வழி 5: படிப்படியாக வெளியிடுதல்

எவ்வளவு சோதித்தாலும் ஆய்வகத்தில் வெளிப்படாத பிழைகள் சில மீதமிருக்கும். எனவே முதலில் சில கணினிகளில் மட்டும் மாற்றம் செய்து, சில நாட்கள் கவனித்து, பின்னர் விரிவுபடுத்துவது பாதுகாப்பானது. எந்த நிலையிலும் பழைய நிலைக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும்.

இது இல்லாதபோது நடப்பதை உலகம் 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறிய உள்ளடக்கப் புதுப்பிப்பு, மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. புதுப்பிப்பில் வரையறுக்கப்பட்ட 21 உள்ளீடுகளுக்கும் மென்பொருளுக்குத் தரப்பட்ட 20 உள்ளீடுகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையே மூல காரணம் என்று அந்த நிறுவனம் பின்னர் விளக்கியது. இது இயங்குதள மாற்றம் அல்ல. ஆயினும் இயங்குதளத்தின் உட்கருவோடு ஒட்டி ஓடும் எதற்கும் "சிறிய மாற்றம்" என்ற சலுகை கிடையாது என்பதையும், படிப்படியான வெளியீட்டின் அவசியத்தையும் அது காட்டியது. இத்தகைய புதுப்பிப்புகளை இனி கட்டம் கட்டமாக வெளியிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

எங்கு குறைக்கக் கூடாது?

கனடாவில் தயாரிக்கப்பட்ட தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. முந்தைய கருவியான தெராக்-20-இன் மென்பொருள் பகுதிகள் இதில் மறுபடியும் பயன்படுத்தப்பட்டன. பழைய கருவியில், தவறான அளவில் கதிர்வீச்சு பாய்வதைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதிய கருவியில் அவை நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களில் சிலர் உயிரிழந்தனர். பின்னர் ஆராய்ந்தபோது, அதே பிழை பழைய கருவியின் மென்பொருளிலும் இருந்தது தெரியவந்தது. அங்கு வன்பொருள் பூட்டு அதை மறைத்து வைத்திருந்தது.

புதிய வன்பொருளில் என்ன சேர்ந்துள்ளது என்று மட்டும் கேட்பது போதாது. பழைய வன்பொருள் ஓசையின்றிச் செய்துவந்த எந்த வேலை இப்போது இல்லை என்றும் கேட்க வேண்டும்.

விமானத் துறை இதற்கு ஒரு நடைமுறையை வகுத்துள்ளது. ஏரின்க் 653 என்ற தரநிலையின்படி, ஒரே கணினியில் ஓடும் வெவ்வேறு பணிகளுக்கு நினைவகமும் நேரமும் தனித்தனியே ஒதுக்கப்படுகின்றன. ஒன்றில் ஏற்படும் கோளாறு மற்றொன்றைத் தொடாது. இந்தத் தடுப்பு உறுதியானது என்று முதலில் நிரூபிக்கப்படுவதால், ஒரு பகுதியை மாற்றும்போது மற்றவற்றை முழுமையாக மறுசோதனை செய்யத் தேவையில்லை என்று வாதிட இடம் கிடைக்கிறது. இங்கு சோதனை குறைவது நம்பிக்கையால் அல்ல, சான்றால்.

வேகம், சுமை ஆகியவற்றைத் தாங்கும் திறனும் குறைக்கக் கூடாத சோதனை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய கணினிக் கட்டமைப்புக்கு மாறியபோது, லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கை அணுக முடியாமல் தவித்தனர். இரண்டு தரவு மையங்களும் ஒரே மாதிரியானவை என்று கருதி, சுமைத் திறன் சோதனைகள் ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டன என்பது பின்னர் வெளியான விசாரணை அறிக்கையில் தெரியவந்தது. அந்த வங்கிக்கு 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

சிறிய அலுவலகங்கள் என்ன செய்யலாம்?

தனிச் சோதனைக் குழு இல்லாத கடைகளும், தணிக்கையாளர் அலுவலகங்களும், பள்ளிகளும் கீழ்க்கண்ட எளிய வழிமுறையைப் பின்பற்றலாம்.

1. கணினிகளில் உள்ள மென்பொருட்கள், அவற்றின் பதிப்பு எண், இணைக்கப்பட்ட சாதனங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும்.

2. நின்றுபோனால் அன்றைய வேலை முடங்கும் பணிகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ரசீது அச்சிடுதல், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், சம்பளப் பட்டியல் போன்றவை இதில் அடங்கும். முதலில் சோதிக்க வேண்டியவை இவையே.

3. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, அச்சுப்பொறி ஆகியவற்றுக்குப் புதிய இயங்குதளத்துக்கான இயக்கி மென்பொருள் உள்ளதா என்பதைக் கணினி வாங்கும் முன்பே தயாரிப்பாளரின் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

4. ஒரே ஒரு கணினியை முதலில் மாற்றி, கடந்த மாதக் கணக்கை அதில் மீண்டும் ஓட்டிப் பழைய முடிவுடன் ஒப்பிட வேண்டும்.

5. யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். எனவே எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

6. காப்புப் பிரதி எடுப்பதோடு நிறுத்தாமல், அதைப் புதிய கணினியில் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

7. பழைய கணினியை உடனே அகற்றாமல், ஒரு முழு மாதக் கணக்கு முடியும் வரை வைத்திருப்பது நல்லது.

அடுத்து வருவது என்ன?

இத்தகைய மாற்றங்கள் இத்துடன் முடிவதில்லை. பல பழைய கணினி அமைப்புகள் நேரத்தை, 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து கடந்த விநாடிகளாக 32 பிட் எண்ணில் கணக்கிடுகின்றன. அந்த எண் 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை 8.44 மணி அளவில் தன் வரம்பை எட்டிவிடும். அதன் பின் அந்த அமைப்புகளில் தேதி 1901-ஆம் ஆண்டுக்குத் திரும்பக்கூடும். நீண்ட காலம் ஓடும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும், இன்று நிறுவப்படும் சில சிறு சாதனங்களையும் அதற்குள் 64 பிட் முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

நேரத்தைக் கையாளும் வேலையை ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்துள்ள மென்பொருளில், அந்த ஓர் இடத்தை மாற்றிச் சோதித்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நிரல் முழுவதும் அதைச் சிதறவிட்டுள்ள மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். புதிய மென்பொருள் வாங்கும் அலுவலகங்கள், எந்தெந்தப் பகுதிகள் இயங்குதளத்தையும் வன்பொருளையும் சார்ந்துள்ளன என்ற பட்டியலையும், சோதனைத் தொகுப்பையும் விற்பனையாளரிடம் ஒப்பந்தத்தின்போதே கேட்டுப் பெற்றுக்கொள்வது, அடுத்த மாற்றத்தின்போது ஆகும் செலவைக் கணிசமாகக் குறைக்கும்.